எல்லாக் கடிதமும் இருக்கிறதா?

ஒருவர் எழுதிய கடிதம் அவர் வீட்டில் இருக்காது. புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. பெரிய மனிதர் ஒருவர் காலமானதும் அவர் வீட்டுக்கு ஓடுகிறோம். பீரோவைத் திறந்து, கட்டுக் கட்டாகக் காகிதத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். அத்தனையும் அவருக்கு மற்றவர்கள் எழுதியவை. பையனுக்கு வேலை வேண்டும், தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும், காதுகுத்துக்குக் கட்டாயம் வர வேண்டும். அவர் மனதில் என்ன ஓடியது என்பது, அவர் யாருக்கு எழுதினாரோ அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும். இவ்வளவு எளிய விஷயம் என் மண்டையில் ஏறப் பல வருடம் ஆயிற்று.

தொண்ணூறுகளில் மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த இதே தனியார் ஆவண நூலகத்தில் எனக்கு வேலை. இந்த மாநில அரசியலில் இருந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப் போய்ப் பழைய கடிதங்களைக் கேட்டு வாங்கி வரவேண்டும். படித்து, தேதிவாரியாக அடுக்கி, குறிப்பு எழுதிவைக்க வேண்டும். பூச்சி மருந்து, கோந்து, ஈரப்பதம் பற்றியெல்லாம் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதில் எனக்கு ஆர்வமும் இல்லை, அக்கறையாகக் கேட்கிற முகமும் உங்களில் யாருக்கும் இல்லை. நான் சொல்லப்போவது வகுப்பில் வராத ஒன்று.

தி. நகரில் ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. காலமானார். பெயர் வேண்டாம், எம்.எல்.ஏ. என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்சி உடைந்தபோதெல்லாம் எந்தப் பக்கம் நின்றார், ஏன் நின்றார் என்று யாருக்கும் பிடிபடாத மனிதர். மேடையிலும் அதிகம் பேசமாட்டார். அவருடைய மூத்த மகன் காகிதங்களை எங்களுக்கே கொடுப்பதாகச் சொன்னார். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் காரணம், வரலாற்றின் மேல் பாசமெல்லாம் இல்லை. ஒரு வேன் நிறைய வந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் மனுக்கள், மாலை போட்ட புகைப்படங்கள், வாழ்த்து மடல்கள்.

அந்த மனுக்களுக்கு நடுவே ஒரு கட்டு. கே.கே. நகரிலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் எழுதியது. ஒவ்வொன்றும் ‘உயர்திரு ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கியதால் அதையும் மனு என்று நினைத்து வீட்டுக்காரர்கள் போட்டுவிட்டார்கள். அடுத்த வரியைப் படித்திருந்தால் போட்டிருக்க மாட்டார்கள். ‘தங்கள் ஏழாம் தேதிக் கடிதம் கிடைத்தது’ என்று, அந்தந்தத் தேதியைச் சொல்லி, அந்தக் காலத்து வழக்கப்படி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருந்தார். மனுப் போடுகிறவர்களுக்கு எந்த எம்.எல்.ஏ. மாதம் தவறாமல் கடிதம் போடுகிறார்? கொஞ்சம் படித்ததுமே புரிந்துவிட்டது. அவர் எம்.எல்.ஏ.யின் இரண்டாவது குடும்பம். ஒரு மகளும் இருந்தாள். கட்சியில் எல்லாருக்கும் தெரிந்த சேதிதான், எனக்குத்தான் புதிது. டீச்சரின் கடிதங்களிலிருந்து தேதிகளைப் பொறுக்கி எடுத்து, எம்.எல்.ஏ. எந்தெந்த நாளில் அவருக்கு எழுதினார் என்று ஒரு பதிவு தயாரித்தேன். மறுபாதி எங்கே இருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

கே.கே. நகர் வீட்டு வாசலில் போய் நின்றபோது டீச்சர் என்னை உள்ளே விடவில்லை. மூன்றாவது முறை போனபோதுதான் மோர் கொடுத்தார். ஒல்லியான பெண்மணி, ஐம்பதைத் தொட்டிருக்கும். எம்.எல்.ஏ.யின் சாவுக்குப் போக அவருக்கு அனுமதி இல்லை. தெருமுனையில் டீக்கடை ஓரமாக நின்று ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தார்.

“இங்கயே உக்காந்து படிங்க சார். எடுத்துட்டுப் போகக்கூடாது. அவரு எனக்கு எழுதினது, வேற யாருக்கும் இல்ல.”

பல ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போய் உட்கார்ந்து படித்தேன். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேடையில் வாயே திறக்காத அந்த மனிதர், இந்த ஒரு ஆளிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தார். ஒருமுறை எம்.எல்.ஏ.க்களை எல்லாம் ஊருக்கு வெளியே ஒரு பங்களாவில் கொண்டுபோய் அடைத்து வைத்தார்கள். வாக்கெடுப்பு முடியும்வரை வெளியே விடவில்லை. அங்கிருந்தபடி அவர் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. யார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார், யார் குளியலறையில் போய் அழுதார், தன்னிடம் என்ன கேட்டார்கள், தான் ஏன் தலையாட்டினார் என்று பக்கம் பக்கமாக இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்றை நான் படித்ததில்லை.

விவகாரம் கிளம்பியது எங்கள் அலுவலகத்தின் ஒரு நல்ல வழக்கத்தால். காகிதம் கொடுத்த குடும்பத்துக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் அனுப்புவோம். அந்தப் பட்டியலில் டீச்சரின் பெயர், கே.கே. நகர், பக்கத்தில் ‘எம்.எல்.ஏ. எழுதிய கடிதங்களுக்குப் பதில்கள்’ என்ற குறிப்பு. மற்ற எவனுக்கும் அது ஒரு வறட்டு வரி. மூத்த மகனுக்கு அது போதுமானதாக இருந்தது. அப்பா எழுதிய கடிதங்கள் எங்கோ இருக்கின்றன என்று தெரிந்துகொண்டார். வரப்போகும் தேர்தலில் அவர் சீட்டுக்கு முயன்றுகொண்டிருந்தார். கட்சித் தலைவர்களைப் பற்றி அப்பா கைப்பட எழுதியது ஏதாவது ஒரு வாரப் பத்திரிகை கையில் சிக்கினால் அவருடைய கதை முடிந்தது.

முதல் வேலையாக எங்களிடமிருந்து டீச்சரின் கடிதங்களையும் அந்தப் பட்டியலின் பிரதியையும் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதால் எங்களால் மறுக்க முடியவில்லை. அடுத்து கே.கே. நகருக்குப் போனார். டீச்சர் குடியிருந்த வீடு எம்.எல்.ஏ. பெயரில் இருந்தது. சட்டப்படி அது இப்போது மகன்களுக்கும் அவர்கள் அம்மாவுக்கும் சொந்தம். கடிதங்களைக் கொடுத்தால் வீட்டை எழுதித் தருகிறேன், இல்லாவிட்டால் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் டீச்சர் பெட்டியோடு நூலகத்துக்கு வந்தார். ஆட்டோக்காரர் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, “இன்னாம்மா, கல்லு ஏத்திக்கினு வந்தியா? இம்மாம் கனமா கீது” என்று சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

“சார், இத நீங்க எடுத்துக்கோங்க. உங்ககிட்ட வந்துட்டா அவங்களால தொட முடியாது இல்ல?”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் வாழ்நாளில் ஆசைப்பட்டதிலேயே பெரிய பொருள் என் காலடியில் இருக்கிறது. கொடுக்கிறவர் முழு மனதோடு கொடுக்கிறார். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினால் போதும். உள்ளே ஓடினேன். எங்கள் தலைமை நூலகர் மயிலாப்பூர்க்காரர். வெற்றிலைப் பெட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக எப்போதும் சிடுசிடுவென்று இருப்பார். விஷயத்தைக் கேட்டார். என் முகத்தையும் பார்த்தார்.

“ஏன் ஓய் இப்படி மூச்சு வாங்கிண்டு நிக்கறீர்? இந்தப் பெட்டிய நம்மகிட்ட குடுத்துட்டா அவ எங்க போய் இருப்பா? அவளுக்கு அந்தப் பிள்ளைகளோட பேரம் பேச இது ஒண்ணுதான் இருக்கு. அதையும் நாம வாங்கி வெச்சுண்டா நாளைக்கே மூத்தவன் சாமானத் தூக்கித் தெருவுல போட்டுடுவான். அத அவகிட்ட சொல்லிட்டீரா?”

“சொன்னா இவங்க பெட்டிய அந்த மகன்கிட்டயே குடுத்துடுவாங்க, அவரு எரிச்சிடுவாரு சார்.”

“எரிப்பான். ஆனா தெரிஞ்சுண்டு அவ முடிவு பண்ணட்டும். தெரியாதவகிட்ட வாங்கறதுக்குப் பேரு வேற.”

மனிதர் மேல் எனக்கு அன்று வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனாலும் வெளியே வந்து டீச்சரிடம் அப்படியே சொன்னேன். பெட்டியை எங்களிடம் கொடுத்தால் வரலாறு பிழைக்கும், உங்கள் வீடு போகும். அவர்களிடம் கொடுத்தால் வீடு நிற்கும், இது சாம்பலாகும். டீச்சர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். மகள் கல்லூரியில் படிக்கிறாள், பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில் வாடகை கொடுத்து மாளாது என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். பிறகு, “அவங்களே எடுத்துக்கட்டும் சார்” என்றார்.

பத்திரம் தயாராகும்வரை பெட்டி எங்கள் அலமாரியில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். வீட்டில் வைத்திருக்கப் பயம். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். தெருமுனையிலேயே ஜெராக்ஸ் கடை இருக்கிறது, ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன், உங்கள் காலத்துக்குப் பிறகுதான் திறப்போம் என்று கெஞ்சினேன்.

“வேணாம் சார். பிரதி ஏதும் இல்லன்னு சத்தியம் பண்ணச் சொல்லியிருக்காங்க. நான் பொய் சத்தியம் பண்ணமாட்டேன்.”

தலைமை நூலகர் அலமாரியைப் பூட்டி, சாவியை டீச்சர் கையிலேயே கொடுத்தார். என்னைப் பார்க்கவேயில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது என்று எனக்குப் புரிந்தது. அவர் செய்தது சரி. அந்த அலமாரியைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குள் என்ன ஓடியது என்று எனக்குத்தானே தெரியும்.

பிறகு மூத்த மகன் என்னைத் தேடி வந்தார்.

“சார், அப்பா எந்தெந்தத் தேதியில எழுதினாருன்னு நீங்க ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கீங்களாமே? அந்தம்மா எல்லாத்தையும் குடுக்கறாங்களா, பதுக்கறாங்களான்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க வந்து சரிபாத்துச் சொல்லுங்க. நீங்க சரின்னு சொன்னாதான் நாங்க ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கிளம்புவோம்.”

ஒரு கடிதம்கூடத் தொலையக்கூடாது என்று ராப்பகலாகப் பழகிய வித்தை. ஒரு கடிதம்கூடத் தப்பக்கூடாது என்பதற்கு அதையே கேட்டார்கள். முடியாது என்றேன். அப்படியானால் பத்திரமும் கிடையாது என்றார். டீச்சரும் தொலைபேசியில், “நீங்க வந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும் சார்” என்றார். போனேன்.

தி. நகர் வீட்டுக் கொல்லையில் வெந்நீர் போடுகிற அடுப்பை மூட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் எம்.எல்.ஏ.யின் படம், தட்டில் கற்பூரம். பின்கட்டு வாசற்படியில் எம்.எல்.ஏ.யின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு முடியாதவர். டீச்சரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. டீச்சரின் கடிதங்கள் ஏற்கெனவே அடுப்புக்குள் போயிருந்தன, ஓரங்கள் மட்டும் தெரிந்தன.

மூத்த மகன் கற்பூரத்தைக் கொளுத்தினார். “எல்லாம் இதுல இருக்கு, எதையும் எடுத்து வெக்கலன்னு சொல்லி அணைங்க” என்றார். டீச்சர் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. பெட்டியை என் பக்கம் தள்ளினார்கள். நான் தரையில் உட்கார்ந்து, என் பதிவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடிதத்தின் தேதியையும் பார்த்துப் பார்த்து ஒதுக்கினேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பங்களாக் கடிதம் மட்டும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். டீச்சர் அதை எடுத்து ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது இருந்தது. தடியாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதையும் ஒதுக்கி வைத்தேன். இன்னும் கொஞ்சம் கடிதங்கள் தள்ளினேன். அப்போதுதான் ஒரு தேதி விட்டுப்போயிருப்பதைக் கண்டேன். திரும்பவும் தேடினேன். இல்லை.

அது எது என்று எனக்கு நினைவு வந்துவிட்டது. ஒரு பக்கம்கூட நிறையாத கடிதம். மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது எழுதியது. ‘நம் மகளுக்கு ஜுரம் விட்டதா? கஞ்சி மட்டும் கொடு. வியாழக்கிழமை வருகிறேன்.’ அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்தபோது, குடும்பச் செய்தி என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன்.

“என்னா சார், எல்லாக் கடிதமும் இருக்கா?”

மூத்த மகன் என் தலைக்கு மேலே நின்றார். டீச்சர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட இடத்தை முந்தானையால் பொத்தியிருந்தார். இத்தனை வருட வேலையில் ‘இருக்கிறது’ என்று நான் எழுதியது எதுவும் இல்லாமல் போனதில்லை, ‘இல்லை’ என்றது இருந்ததில்லை. ஒரு நூலகக்காரனிடம் வேறு என்ன இருக்கிறது? அவர்கள் என்னைக் கூப்பிட்டதே என் சொல் பொய்க்காது என்பதற்காகத்தான்.

“எல்லாம் இருக்கு” என்றேன்.

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்துட்டேன். எல்லாத் தேதியும் இருக்கு.”

அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. பதிவைக் கொடுங்கள், நானும் ஒருமுறை பார்க்கிறேன் என்று கையை நீட்டினார். வாசற்படியிலிருந்து அவருடைய அம்மா பேசினார். “அவருதான் சொல்லிட்டாரில்ல? போட்டுத் தொலைங்கடா. அந்தப் பொண்ணு காலைலேர்ந்து நின்னுக்கினே கீது.”

மகன் கையை இழுத்துக்கொண்டார். கடிதங்களை அவரும் அவர் தம்பியும் கைப்பிடி கைப்பிடியாக அடுப்பில் போட்டார்கள். பங்களாக் கடிதம் தடிமனாக இருந்ததால் லேசில் பற்றவில்லை. ஒரு குச்சியால் கிளறிவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். யாராவது செத்த வீட்டில் நிற்பதுபோல் இருந்தது என்று சொன்னால் பொய். செத்த வீட்டில் அழலாம்.

பிற்பகலில் பத்திரம் பதிவாயிற்று. பனகல் பார்க் பஸ் நிறுத்தத்தில் டீச்சரோடு நின்றேன். எனக்குக் கோபம். வாயை அடக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

“ஒண்ணு எடுத்து வெக்கறதுன்னு முடிவு பண்ணினீங்க. சத்தியத்தையும் மீறினீங்க. அப்போ அந்தப் பங்களாக் கடிதத்தையாவது எடுத்து வெச்சிருக்கலாமே டீச்சர்? இந்த நாட்டுக்கே அது ஒண்ணுதானே சாட்சி?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கண்டுபிடித்ததில் அவருக்கு ஆச்சரியம் இருந்த மாதிரி தெரியவில்லை.

“ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல என் பொண்ணோட அப்பா பேருன்னு எங்க அண்ணன் பேரு இருக்கு சார். காலேஜ்லயும் அதான். அவரு எத்தனையோ எழுதினாரு. ‘நம் மகள்’னு எழுதினது அந்த ஒரு தடவைதான். மத்ததெல்லாம் பாப்பா, பாப்பான்னுதான் இருக்கும். யாரு வீட்டுப் பாப்பாவா வேணா இருக்கலாமே.”

பஸ் வந்தது. காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

தலைமை நூலகரிடம் நான் பொய் சொன்னதைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை, திட்டுவாரோ என்று நினைத்தேன். வெற்றிலையை மென்றுகொண்டே, அந்தப் பதிவைக் கிழித்துப் போடும் என்றார். கிழித்துப் போட்டேன். ஆக, அந்தக் கடிதங்கள் இருந்தன என்பதற்குக்கூட இப்போது தாள் கிடையாது.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். நாம் காகிதத்தைக் காப்பாற்றுகிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு நாள் உங்கள் முன்னாலும் ஒரு பெட்டி வரும். அப்போது அதைக் கொடுக்கிறவர் அன்றைக்கு எங்கே படுக்கப் போகிறார் என்று கேளுங்கள். கேட்டால் நஷ்டம்தான், எனக்கு அந்த நஷ்டம் இன்னும் வலிக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் யாராவது அந்த வாக்கெடுப்பைப் பற்றித் தப்பும் தவறுமாக எழுதினால் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறேன். எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

மூத்த மகனுக்குச் சீட்டு கிடைத்தது. பின்னால் அப்பாவுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு போட்டார். பளபளப்பான அட்டை. நம் நூலகத்துக்கும் இலவசமாக ஒரு பிரதி அனுப்பினார். முத்திரை குத்தி, எண் போட்டு, அலமாரியில் வைத்தவன் நான்தான். இன்றைக்கும் அந்தக் காலத்தைப் பற்றி யார் வந்து கேட்டாலும் நீங்கள் எடுத்துக் கொடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான். அதில் குடும்பம் என்ற தலைப்பில், அன்னாருக்கு இரண்டு மகன்கள் என்று இருக்கிறது. அதை மறுக்க நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கே.கே. நகரில் ஒரு வீட்டில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதைக் கேட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள்.